குதிரைமலைக் கரையைக் காணாமலே எழுதியவர்: மூத்த பிளினியின் நட்பும் போரும்

சிலாபத்திலிருந்து வடக்கே முந்தல், புத்தளம், வண்ணாத்திவில்லு எனக் கரையை ஒட்டிச் செல்லும் ஒருவர், வில்பத்து வனத்தின் மேற்கு ஓரத்தில் கடலைப் பார்த்து நிற்கும் செம்மண் மேடொன்றைக் காண்பார். குதிரைமலை என்பது அதன் பெயர். அல்லி அரசாணி கோட்டை கட்டி ஆண்ட இடம் அது என்று கரையோர மக்கள் கதை சொல்வர். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னர், புயலில் சிக்கிய ஓர் உரோமக் கப்பல் ஹிப்பூரோஸ் என்னும் இலங்கைத் துறையில் ஒதுங்கியது. அந்தத் துறை இந்தக் குதிரைமலையே என்பது 19ஆம் நூற்றாண்டில் எமர்சன் டெனன்ட் முதலானோர் கொண்ட கருத்தாகும். ஹிப்பூரோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குள் குதிரையைக் குறிக்கும் சொல் இருப்பதே அவர்கள் காட்டிய முதற் சான்று.

அந்தச் சம்பவத்தை எழுதி வைத்தவர் இலங்கையைக் கண்ணால் கண்டவர் அல்லர். குதிரைப்படைத் தளபதியாக ஜெர்மானியப் போர்முனையில் இளமையைக் கழித்து, கடற்படைத் தளபதியாக எரிமலையின் அடிவாரத்தில் உயிரை விட்டவர் அவர். கயஸ் பிளினியஸ் செக்குண்டஸ் என்பது அவரது முழுப்பெயர். மருமகனும் அதே பெயரால் புகழ் பெற்றதால் இவரை மூத்த பிளினி என்று வரலாறு அழைக்கிறது.

கி.பி. 23ஆம் ஆண்டளவில், இத்தாலியின் வடக்கே ஏரிக்கரை நகரமான கோமோவில் அவர் பிறந்தார். குடும்பம் செல்வம் உள்ளது. ஆனால் செனற்றர்களின் உயர்குடி அன்று. உரோம சமூகத்தில் குதிரைவீரர் வகுப்பு எனப்பட்ட இரண்டாம் நிலையைச் சேர்ந்தது. அவ்வகுப்பில் பிறந்த இளைஞன் முன்னுக்கு வர விரும்பினால் படையில் சேர வேண்டும், அல்லது வலிமை உள்ளவரின் நட்பைப் பெற வேண்டும். பிளினிக்கு இரண்டும் வாய்த்தன.

கி.பி. 47இல் கோர்புலோ என்னும் கண்டிப்பான தளபதியின் கீழ் ரைன் நதியின் கீழ்ப்பகுதியில் அவர் பணியாற்றினார். அங்கே கடற்பெருக்கு நாளுக்கு இருமுறை நிலத்தை விழுங்கும் சதுப்புக் கரையில், மேடு கட்டி அதன்மேல் குடிசை போட்டு வாழ்ந்த சௌக்கி மக்களைக் கண்டார். மரமும் இல்லை, மந்தையும் இல்லை. கையால் அள்ளிய சேற்றை வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி எரிபொருளாக்கி அவர்கள் உணவு சமைத்தார்கள். இவர்களை உரோமர் வென்றால் அதை அடிமைத்தனம் என்கிறார்களே என்று பிளினி பிற்காலத்தில் வியந்து எழுதினார். வென்றவனின் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும் போலும்.

பின்னர் ரைனின் மேற்பகுதியில் பொம்போனியஸ் செக்குண்டஸ் என்பவரின் கீழ் அவர் சேவை செய்தார். பொம்போனியஸ் தளபதி மட்டுமன்றி நாடகக் கவிஞரும் ஆவார். திபேரியஸ் மன்னனின் காலத்தில் தவறான நண்பர்களைக் கொண்டிருந்த குற்றத்துக்காகப் பல ஆண்டுகள் வீட்டுக்காவலில் இருந்தவர். கி.பி. 50இல் இவரது படை கட்டி இனத்தாரை முறியடித்தபோது, அவர்களிடையே அடிமைகளாக இருந்த சில உரோமரை மீட்டது. கி.பி. 9இல் வாருஸின் மூன்று படையணிகள் காட்டுக்குள் அழிக்கப்பட்டபோது சிறைப்பட்டவர்கள் அவர்கள். 40 ஆண்டுகள் கழித்து விடுதலை பெற்றார்கள். போர் என்பது கவிஞர்கள் பாடுவது போல் ஒரு பகலில் முடிந்துவிடுவதில்லை.

பொம்போனியஸ் இறந்ததும், நட்புக்கு ஆற்ற வேண்டிய கடன் என்று கருதி அவரது வாழ்க்கையை இரண்டு தொகுதிகளாகப் பிளினி எழுதினார். அந்த நூல் இன்று இல்லை. தம் பெருநூலில் இந்த நண்பரைப் பற்றி அவர் தந்துள்ள தகவல்களுள் ஒன்று, பொம்போனியஸ் வாழ்நாளில் ஒருமுறையேனும் ஏப்பம் விட்டதில்லை என்பது. கண்டதையெல்லாம் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவரின் அன்பு இப்படித்தான் வெளிப்படும்.

படையில் இருந்த நாளிலேயே அவர் இரண்டு நூல்களைத் தொடங்கினார். ஒன்று, குதிரையில் இருந்தபடி ஈட்டி எறியும் முறையைச் சொல்வது. மற்றையது, உரோமர் ஜெர்மானியருடன் நடத்திய போர்களின் முழு வரலாறு. ஜெர்மனியில் மாண்ட துருசஸ் என்னும் இளவரசன் கனவில் வந்து, தன்னை மறதியிலிருந்து காப்பாற்றும்படி வேண்டியதே இரண்டாவது நூலுக்குக் காரணம் என்று குடும்பத்தில் சொல்லப்பட்டது. 20 தொகுதிகளாக அது நிறைவேறியது. அதுவும் அழிந்துவிட்டது.

இந்தக் காலத்தில்தான் பாசறையில் ஓர் இளம் அதிகாரியுடன் அவருக்குத் தோழமை ஏற்பட்டது. பிளினியிலும் ஏறத்தாழ 16 வயது இளையவரான அவர் பெயர் தீத்தஸ். தந்தை வெஸ்பாசியன் அப்போது பல தளபதிகளுள் ஒருவர் மட்டுமே. அவர் பேரரசர் ஆவார் என்றோ, மகனும் பின்னால் முடி சூடுவார் என்றோ அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஜெர்மனியின் க்சாண்டன் நகரருகே கிடைத்த குதிரை அணிகலன் ஒன்றில் பிளினி குதிரைப்படைத் தலைவராக இருந்ததைக் காட்டும் எழுத்து இருக்கிறது. அது இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

நீரோவின் ஆட்சி வந்தது. வாய் திறந்தவர்களெல்லாம் வீழ்ந்தார்கள். கோர்புலோவும் அம்மன்னனின் கட்டளையால் தற்கொலை செய்துகொள்ள நேர்ந்தது. பிளினி பதவிகளிலிருந்து ஒதுங்கினார். அந்த இருண்ட கடைசி ஆண்டுகளில் அவர் எழுதியது எட்டுத் தொகுதிகள் கொண்ட ஓர் இலக்கண நூல். கொடுங்கோலனும் இலக்கண நூலுக்காக யாரையும் கொல்ல மாட்டான் என்பது அவரது கணக்கு. இதைக் கோழைத்தனம் என்பாரும் உண்டு. எழுதுகோலுக்காக உயிர் விட்டவர்களை நம் நாட்களில் கண்ட நமக்கு அப்படி எளிதாகத் தீர்ப்புச் சொல்ல மனம் வராது.

கி.பி. 69இல் ஓராண்டுக்குள் நால்வர் அரியணை ஏறினர். நான்காமவர் வெஸ்பாசியன். பாசறைத் தோழனின் தந்தை பேரரசரானதும் பிளினியின் வாழ்வு மாறியது. ஸ்பெயின் உட்பட்ட மாகாணங்களில் வருமான நிர்வாகியாக அவர் பணியாற்றினார். உரோமுக்குத் திரும்பியபின், விடிவதற்கு முன்பே பேரரசரைச் சந்தித்து அன்றைய கடமைகளைப் பெற்றுவந்தார். பேரரசரும் இரவில் கண் விழிப்பவராம்.

கடமை முடிந்ததும் படிப்பு. உணவு வேளையிலும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் வேளையிலும் ஒருவர் வாசிக்க இவர் கேட்பார், குறிப்பும் சொல்வார். நடந்து சென்ற மருமகனைப் பார்த்து, பல்லக்கில் போயிருந்தால் அந்நேரத்தில் படித்திருக்கலாமே என்று கடிந்துகொண்டார். இரு பக்கமும் பொடி எழுத்தில் நிரம்பிய 160 குறிப்பேடுகளை அவர் விட்டுச்சென்றார். அவை இன்னும் குறைவாக இருந்த காலத்தில், ஸ்பெயினில் ஒருவர் 4 இலட்சம் செஸ்டர்ஸ் விலை கேட்டும் அவர் கொடுக்கவில்லை.

அந்தக் குறிப்புகளிலிருந்து விளைந்ததே 37 தொகுதிகள் கொண்ட இயற்கை வரலாறு. வானம், நிலம், மனிதர், விலங்கு, மரம், மருந்து, உலோகம், மணி என எல்லாவற்றையும் பற்றியது. சுமார் 2000 ஏடுகளைப் படித்து 20,000 செய்திகளைத் தொகுத்ததாக முன்னுரையில் கணக்குக் கொடுத்தார். முதற் தொகுதி முழுவதும் பொருளடக்கமும், யாரிடமிருந்து எதை எடுத்தார் என்ற பட்டியலுமே. எடுத்த இடத்தைச் சொல்லாமல் எழுதுவோரை அவர் திருடர் வரிசையில் வைத்தார். இன்றைய எழுத்துலகில் இந்த ஒரு தொகுதியையாவது கட்டாய பாடமாக்கலாம்.

ஆறாம் தொகுதியில்தான் நம் தீவு வருகிறது. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அன்னியஸ் புளோகாமஸ். அவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவர் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் சென்றபோது வடகாற்றில் அடிபட்டு, பாரசீகக் கரையைக் கடந்து, 15ஆம் நாள் ஹிப்பூரோஸை அடைந்தார். அந்நாட்டு மன்னன் அவரை ஆறு மாதம் விருந்தினராக வைத்திருந்தான். அக்காலத்தில் அவர் உள்ளூர் மொழியைக் கற்று, உரோமரைப் பற்றி மன்னன் கேட்டவற்றுக்கு விடை சொன்னார். அவரிடம் இருந்த வெள்ளி நாணயங்களில் பல அரசர்களின் முகங்கள் இருந்தும் எல்லாம் ஒரே நிறை என்பதைக் கண்ட மன்னன், அவர்கள் நேர்மையானவர்கள் என்று முடிவு செய்தான். கிளாடியஸ் பேரரசரிடம் நான்கு தூதர்களை அனுப்பினான்.

எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் நைல் நதிக்கும் செங்கடலுக்கும் இடைப்பட்ட வழியில், ஒரு பாறை எழுத்து கண்டுபிடிக்கப்பட்டது. அன்னியஸ் புளோகாமஸின் அடிமை லைசாஸ் என்பவர் அங்கே தங்கியதை அது சொல்கிறது. ஆண்டு கி.பி. 6. ஆகவே புளோகாமஸ் கற்பனைப் பாத்திரம் அல்லர். ஆனால் கிளாடியஸ் முடி சூடியதோ கி.பி. 41இல். புயலில் சிக்கிய பயணமும் தூதும் பிளினி சொல்வது போல் அடுத்தடுத்து நிகழாமல், பல ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுவது இதனால்தான்.

தூதுக்குழுவின் தலைவர் பெயரை ராக்கியாஸ் என்று பிளினி எழுதினார். அது ராஜா என்பார் டெனன்ட். கற்பிட்டியில் 1807இல் பிறந்து சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்த சைமன் காசிச்செட்டி, அது ஆராச்சி என்ற பதவிப் பெயர் என்றார். தமிழ்ப் புலவர்களின் வாழ்வைத் தொகுத்த தம் நூலுக்கு, பிளினிக்குச் சற்றுப் பிந்திய புளூட்டாக்கின் பெயரைச் சூட்டியவர் அவர். கரையோரத்து மனிதர் ஒருவர் தம் மண்ணின் பழைய செய்தியைக் கிரேக்க, உரோம நூல்களில் தேடிய முயற்சி அது. பின்வந்தவர்கள் அந்தப் பெயரைத் தத்தம் மொழிக்கு இழுத்துச் சென்றனர். விருந்தினர் ஆறு மாதத்தில் கற்ற மொழி எது என்று பிளினி எழுதவில்லை. தமிழ் என்றோ, சிங்களத்தின் முன்னோடி என்றோ அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது நியாயம் அன்று. மன்னன் ஒயின் கடவுளைப் போலவும் ஏனையோர் அரபியரைப் போலவும் உடுத்தினர் என்று ஒரு வரி இருக்கிறது. அதைக் கொண்டு இக்கரையில் அரபியர் அன்றே குடியிருந்தனர் என்று வாதிடுவோரும் உளர். அரபியர் வணிகம் மிகப் பழமையானது என்பதில் ஐயம் இல்லை. ஆயினும் இடுப்பில் துணி சுற்றுவது வெப்பநாட்டுக் கரையோர மக்கள் எல்லாருக்கும் பொது.

தூதர்கள் சொன்னதாக வரும் தீவு ஒரு கனவு நாடு. அங்கே அடிமைகள் இல்லை. பகலில் தூங்குவோர் இல்லை. தானிய விலை ஏறுவதில்லை. நீதிமன்றமும் வழக்கும் இல்லை. முதியவரும் இரக்கமுள்ளவரும் பிள்ளைகள் இல்லாதவருமான ஒருவரையே மக்கள் மன்னராகத் தேர்வார்கள். மன்னன் தவறிழைத்தால் யாரும் அவனைக் கொல்ல மாட்டார்கள். எல்லோரும் முகம் திருப்பி, பேச்சை நிறுத்திவிடுவார்கள். நம் பேச்சாளர்கள் இதை மேடைகளில் பெருமையுடன் எடுத்துச் சொல்வதுண்டு. உண்மையில் இது உரோமுக்குக் காட்டிய கண்ணாடி. நீரோவின் ஆட்சியைக் கடந்து வந்த ஒருவர், வாரிசுரிமையும் வழக்கும் அடிமைகளும் இல்லாத ஊர் ஒன்று உலகின் ஓரத்தில் இருக்கட்டும் என்று விரும்பியதில் வியப்பு என்ன?

சில செய்திகள் அப்பட்டமான தவறு. அங்கே புலி வேட்டை நடந்ததாம். இலங்கையில் இருப்பது சிறுத்தை. சப்தரிஷி மண்டலமும் கார்த்திகை மீன்களும் தமக்குப் புதியவை என்று தூதர்கள் வியந்தார்களாம். கார்த்திகையை அறியாத இலங்கையர் உண்டா? தங்கள் நாட்டில் சந்திரன் எட்டாம் நாள் முதல் பதினாறாம் நாள் வரை மட்டுமே தெரியும் என்றும் சொன்னார்களாம். தலைப்பிறை பார்த்து நோன்பு பிடிக்கும் கற்பிட்டி மீனவர் இதைக் கேட்டால் சிரிப்பார். நிழலைப் பற்றிய செய்தியில் மட்டும் பாதி உண்மை உண்டு. உரோமில் நிழல் வடக்கே விழுவது அவர்களுக்கு விந்தையாக இருந்ததாம். சிலாபத்தில் சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்பிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் நிழல் தெற்கே விழும். ஏனைய மாதங்களில் வடக்கே விழும். முற்றத்தில் ஒரு கோலை நட்டு எவரும் இதைப் பார்க்கலாம்.

முத்தைப் பற்றி எழுதும்போது பிளினியின் குரல் சினம் கொள்கிறது. முத்து மிகுதியாக விளையும் இடங்களில் தப்ரபேன் என்ற நம் தீவை அவர் முதலில் வைத்தார். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. அதிலிருந்தே சிலாபத்தின் பெயர் வந்தது என்பார் உண்டு. சிப்பி வாய் திறந்து பனியைக் குடித்து முத்தை ஈனும் என்று பிளினி எழுதியதற்கும், சுவாதி நட்சத்திரத்து மழைத்துளி முத்தாகும் என்று நம் பாட்டிமார் சொன்னதற்கும் இடையே தூரம் அதிகம் இல்லை. அவர் சினந்தது வேறொன்றுக்காக. லொல்லியா பவுலினா என்னும் சீமாட்டி சாதாரண நிச்சயதார்த்த விருந்து ஒன்றுக்கு 4 கோடி செஸ்டர்ஸ் மதிப்புள்ள முத்தும் மரகதமும் பூண்டு வந்ததை அவர் நேரில் கண்டார். அவளது பாட்டன் கிழக்கு நாடுகளில் சூறையாடிய செல்வம் அது. இந்தியாவும் சீனமும் அரேபியாவும் ஆண்டுதோறும் உரோமிடமிருந்து 10 கோடி செஸ்டர்ஸை ஈர்த்துக்கொள்கின்றன என்றும் அவர் கணக்கிட்டார். இன்னோரிடத்தில், நம்மவர் முத்தை மதிப்பது போல் இந்தியர் பவளத்தை மதிக்கின்றனர் என்றார். பாதிகாபய மன்னன் பவளம் வேண்டி உரோம நாட்டுக்கு ஆளனுப்பியதாக மகாவம்சத்தின் உரைநூல் சொல்வதை இதனுடன் சேர்த்து வாசிக்க வேண்டும். அங்கிருந்து பவளம், இங்கிருந்து முத்து. நிறை சரியாயிருந்தது, வாள் எடுக்கப்படவில்லை.

ஆனால் அவரது உலகில் வாள் எங்கும் இருந்தது. அதைப் பற்றி அவர் மனம் ஒருநிலையில் நின்றதில்லை. ஜூலியஸ் சீசரின் போர்களில் மாண்டோர் 11,92,000 பேர் என்று எழுதிவிட்டு, மனித இனத்துக்கு இழைத்த இத்தனை பெரிய தீங்கைத் தம்மால் புகழில் சேர்க்க முடியாது என்றார். உரோம அதிகாரி ஒருவர் அப்படி எழுதுவது சிறிய காரியம் அன்று. இளமையில் ஈட்டி எறியக் கற்றுக்கொடுத்து நூல் செய்தவரே, முதுமையில் இரும்புக்குச் சிறகு முளைக்கச் செய்து சாவை விரைவாக்கியதே மனிதனின் மிகப் பெரிய குற்றம் என்று எழுதினார்.

இந்த நூலைக் கி.பி. 77இல் அவர் தீத்தஸுக்கே காணிக்கையாக்கினார். பாசறையில் ஒன்றாகத் தங்கிய நாட்களை உரிமையோடும் விளையாட்டாகவும் நினைவூட்டினார். ஆனால் ஏழு ஆண்டுகளுக்கு முன்னர், கி.பி. 70இல், அதே தீத்தஸின் படை ஜெருசலேமை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டுப் பிடித்து, ஆலயத்தை எரித்திருந்தது. முஸ்லிம்கள் பைத்துல் முகத்தஸ் என்று போற்றும் நகரம் அது. கிழக்கின் நகரங்களுள் மிகப் புகழ் பெற்றதாக இருந்த ஜெருசலேம் என்று இறந்தகாலத்தில் பிளினி எழுதினார். அருகிலிருந்த எங்கேதி ஊரும் இப்போது இன்னொரு சாம்பல் மேடு என்றார். சாம்பலாக்கியவர் யார் என்று சொல்லவில்லை. யூதேயாவின் நறும்பிசின் செடியைப் பற்றிச் சொல்லும்போதோ, அச்செடியும் தன் மக்களோடு சேர்ந்து உரோமுக்கு அடிமையாகித் திறை கட்டுகிறது என்று ஓர் அதிகாரியின் நிறைவோடு எழுதினார். சீசரின் பிணங்களை எண்ணத் துணிந்தவர் நண்பனின் பிணங்களை எண்ணவில்லை. சீசர் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. தீத்தஸோ உயிரோடு இருந்தார், அன்போடும் இருந்தார். பிளினியின் நேர்மையில் நான் காணும் பெரிய விரிசல் இதுதான்.

கி.பி. 79 யூன் மாதத்தில் வெஸ்பாசியன் இறக்க, தீத்தஸ் பேரரசரானார். அவ்வேளை பிளினி நேப்பிள்ஸ் விரிகுடாவில் மிசேனம் துறைமுகக் கடற்படையின் தளபதி. அவ்வாண்டிலேயே வெசூவியஸ் வெடித்தது. மருமகன் எழுதிய கடிதத்தின் பிரதிகள் ஓகஸ்ட் 24 என்கின்றன. 2018இல் பொம்பெயில் கிடைத்த ஒரு கரி எழுத்து ஒக்டோபரைச் சுட்டுகிறது.

மதியம் கடந்த வேளையில், அடிமரத்தின் மேல் கிளை விரித்த மரம்போல் ஒரு மேகம் எழுவதைப் பிளினியின் தங்கை கண்டு அவருக்குக் காட்டினாள். அருகிருந்து பார்க்கச் சிறு படகொன்றை ஆயத்தம் செய்யச் சொன்னார். அந்நேரம் ரெக்தினா என்னும் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. மலையடிவாரத்து மாளிகையிலிருந்து கடல்வழியன்றித் தப்ப வேறு வழி இல்லை, காப்பாற்ற வேண்டும். பிளினி படகை விட்டுப் பெரிய போர்க்கப்பல்களைக் கடலில் இறக்கினார். எல்லோரும் விட்டோடும் திசையை நோக்கி நேராகச் செலுத்தினார். சாம்பலும் கருகிய கற்களும் விழுந்தன. திரும்பிவிடுமாறு மாலுமி சொன்னான். அவர் மறுத்து, ஸ்டாபியேயில் இருந்த நண்பர் பொம்போனியானஸிடம் விடச் சொன்னார்.

அங்கே நடுங்கிக்கொண்டிருந்த நண்பரைத் தழுவித் தேற்றினார். அவரது அச்சம் தணியட்டும் என்று தாம் குளித்து, உணவுண்டு, படுத்து உறங்கினார். பருத்த உடம்பினரான அவரது குறட்டை வெளியே நின்றவர்களுக்குக் கேட்டதாம். முற்றத்தில் கற்கள் நிரம்பத் தொடங்கியதும் அவரை எழுப்பினர். தலையணைகளைத் தலையில் கட்டிக்கொண்டு அனைவரும் கரைக்குச் சென்றனர். கடலோ கொந்தளித்தபடி இருந்தது. விடிந்தும் அங்கே இருள் நீங்கவில்லை. விரிப்பொன்றில் படுத்து இருமுறை குளிர்ந்த நீர் கேட்டார். கந்தகம் நாறியதும் மற்றவர் ஓடினர். இரு அடிமைகளைப் பிடித்தெழுந்தவர் உடனே சரிந்தார். இயல்பாகவே அவருக்கு மூச்சுக்குழாய் பலவீனம்.

இரண்டு நாள் கழித்து வெளிச்சம் திரும்பியபோது உடலைக் கண்டார்கள். காயம் எதுவும் இல்லை. உடுத்தியிருந்த ஆடையும் அப்படியே இருந்தது. உறங்குபவரைப் போல் கிடந்தார். அப்போது அவர் 56ஆம் வயதில் இருந்தார். மிசேனத்தில் தங்கியிருந்த 17 வயது மருமகன், மாமா உடன் வரும்படி அழைத்தும், அவர் கொடுத்த எழுத்து வேலை முடியவில்லை என்று போகாமல் இருந்துவிட்டான். 160 குறிப்பேடுகளும் அவனுக்கே வந்தன.